நாதாங்கி

சேரம்பாடிக்கு மாற்றலாகி வந்த முதல் ஜூனில்
ஐந்து விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன், பச்சை ஸ்கெட்ச்சில்.
மற்ற நான்கையும் இப்போது கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன்.
முதல் விதி:
கதவை மெதுவாகச் சாத்து.

ஒட்டினால் மட்டும் போதாது.
இதுவும் வாய்ப்பாடு மாதிரிதான்,
வாயில் வந்தபின் கையில் வர நாளாகும்.
ஆகவே பாடமாகவே நடத்தினேன்.
கைப்பிடியைப் பிடி. கதவைக் கூடவே கூட்டி வா.
கடைசி ஒரு சாணுக்கு மூச்சைப் பிடித்துக்கொள்.
நாதாங்கியை இரண்டு விரலால் இறக்கு.
முப்பத்தொரு பேரும் வெளியே போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள்.
எட்டிப் பார்த்த தலைமையாசிரியர் எஸ்தர்
"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

அலமாரி மேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.
சத்தமில்லாத ஒவ்வொரு சாத்தலுக்கும்
ஒரு கற்பூர மரத்துக் காய்.
நிரம்பினால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கபடி.
"நல்ல பிள்ளை" என்று நான் சொல்வதில்லை.
"கதவு சட்டத்தைத் தொட்டது எனக்கே கேட்கலை, பொம்மி" என்பேன்.
பொம்மி அதை வீடுவரை சிந்தாமல் கொண்டுபோவாள்.

விதூஷன் மட்டும்
டமார்.
காலையில் டமார். ஒன்றுக்குப் போய் வந்தால் டமார்.
ஆணியில் தொங்கும் இந்தியா ஒருமுறை ஆடி நிற்கும்.
வேண்டுமென்றா? முகத்தில் அப்படி எதுவும் இல்லை.
மதியம் நிறுத்திப் பத்து முறை செய்யச் சொன்னேன்.
பத்தும் பஞ்சு.
மறுநாள் காலை, டமார்.
பாட்டிலிலிருந்து ஒரு காயை எடுத்துவிடக் கை போனது.
எடுக்கவில்லை.
சம்பாதித்ததைப் பிடுங்காதே என்பது
எனக்கு நானே, எங்கும் ஒட்டாமல் வைத்திருந்த விதி.

வாக்காளர் பட்டியலோடு லைன் வீடுகளுக்குப் போன சனிக்கிழமை
ஏழாம் நம்பரில் அவன் அம்மா யோகராணி.
கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் கையெழுத்திட்டாள்.
சாரல் அடிக்குது, உள்ள வாங்க என்றாள்.
பிறகு இரண்டடி பின்னால் போய்
தோளால் ஓர் இடி.
டமார்.

"ஊறிப்போன பலகை டீச்சர். இடிச்சாத்தான் கவ்வும்.
சரியாச் சாத்தாத அன்னைக்குத்தான்
சிறுத்தை நாயத் தூக்கிட்டுப் போச்சு.
தம்பிக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கி வெச்சிருக்கேன்.
இப்ப ஒருநாள்கூட மறக்கிறதில்ல."

ஒருநாள்கூட.
தேநீர் நாக்கைச் சுட்டது.
என் வகுப்பிலேயே நன்றாகப் பழக்கப்பட்ட பிள்ளை அவன்தான்.
பழக்கியது நானில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விதியை மாற்றவில்லை.
அவனைக் கூப்பிட்டு,
"அங்கே இடி. இங்கே பிடி" என்றேன்.
சிரித்தான்.
அதன்பின் வாசலில் நின்று, இது எந்தக் கதவு என்று
ஒரு விநாடி யோசிப்பான்.
அந்த விநாடிக்கும் ஒரு காய் போட்டேன்.
மூன்று நாளைக்கு ஒருமுறை டமார் வந்துகொண்டுதான் இருந்தது.

ஆடியில் பன்னிரண்டு நாள் விடாத மழை.
பள்ளிக் கதவும் ஊறியது.
பொம்மி மூச்சைப் பிடித்துச் சாத்தினாள்;
நாலு விரற்கடை விலகியே நின்றது.
நானும் முயன்றேன்.
இடுக்கு வழியே மேகம் வந்து
முதல் பெஞ்சில் உட்கார்ந்தது.
நோட்டுகளின் ஓரம் சுருண்டது.
ஒவ்வொரு தலையாகப் பின்பக்கம் திரும்பியது.
விதூஷன் என்னைப் பார்த்தான்.
தலையசைத்தேன்.

இரண்டடி பின்னால். தோள்.
இந்தியா ஆடி நின்றது.
கதவு கவ்விக்கொண்டது.

பிறகு, யாரும் சொல்லாமல்,
இரண்டே விரலால்
நாதாங்கியை இறக்கினான்.
எனக்கே கேட்கவில்லை.

"டீச்சர்," என்றாள் பொம்மி,
"இதுக்கு எத்தனை காய்?"